கழுதை ஆகாம தப்பிக்கிறது எப்புடி? – சீட்டாட்டம் பத்தி வாசகர் கேள்வி-பதில்

போன இதழ்ல, லீவுக்கு வீட்டுல ஆடுற சீட்டாட்டம்னு ஒரு அரைப்பக்கம் போட்டிருந்தோம். அதுல கழுதை ஆட்டத்துக்கு நாலே வரிதான் ஒதுக்கியிருந்தோம், கேள்வி பூராவும் அதப் பத்தித்தான் வந்திருக்கு. ரம்மி பத்தி கேட்டவங்க செத்த பொறுங்க, இந்தத் தடவ கையில இருக்கிற சீட்ட காலி பண்ற ஆட்டம் மட்டும்தான்.

கும்பகோணத்துலேர்ந்து ஒரு தம்பி: அண்ணே, நான் அரியலூர் பக்கம். வேலைக்காக இங்க வந்து ரூம்ல அஞ்சு பேரு தங்கியிருக்கோம். ஞாயித்துக்கெழம ஆனா பசங்க கழுதை ஆட ஆரம்பிச்சிருவானுங்க. எனக்கு ரம்மி தெரியும், இது தெரியாது. கேட்டா "ஒக்காருடா, ஆட ஆட வரும்"ங்கறானுங்க. வர்றது கழுதப் பட்டம்தான். மொதல்லேர்ந்து சொல்லுங்களேன்.

பதில்: ஆட ஆட வரும்னு சொல்றவங்க எல்லாம் பத்து வயசுல கத்துக்கிட்டவங்க தம்பி, யாரு சொல்லிக்கொடுத்தா, எப்ப புரிஞ்சுதுங்கறதே அவங்களுக்கு மறந்துபோயிருக்கும், கோச்சுக்காதீங்க. ரம்மி தெரிஞ்சவருக்கு இதுல மொத சிக்கலே அந்த ரம்மிதான். அங்க சீட்டு சேக்கணும், இங்க தொலைக்கணும். செட்டு, சீக்வென்ஸ்னு கையில அடுக்கி அழகு பாக்குற பழக்கத்த மூட்ட கட்டி வச்சிட்டு வாங்க.

ஒரு கட்டுல ஜோக்கர எடுத்துட்டா 52 சீட்டு. அத்தனையையும் பங்கு போட்டுரணும், மிச்சம்னு கீழ எதுவும் வைக்கக்கூடாது. நீங்க அஞ்சு பேருன்னா ரெண்டு பேருக்கு 11, மூணு பேருக்கு 10 வரும், அந்த ஒரு சீட்டு கூடக் கொறச்சலுக்கெல்லாம் சண்டை கெடையாது. ஏஸ்தான் பெருசு, அப்புறம் ராஜா, ராணி, ஜாக்கி, 10னு எறங்கிக்கிட்டே வந்து 2 கடைசி. துருப்பு கிருப்பு எதுவும் இல்ல. ஸ்பேட் ஏஸ் யார்கிட்ட இருக்கோ அவரு அதப் போட்டு ஆரம்பிக்கணும். சுத்தி ஒக்காந்திருக்கிற எல்லாரும் ஸ்பேட்லயே ஆளுக்கு ஒண்ணு போடணும். எல்லாரும் போட்டாச்சுன்னா அத்தனையையும் கவுத்து ஓரமா தள்ளிரணும், அது கழிஞ்ச சீட்டு, திரும்ப ஆட்டத்துக்கு வராது. அந்த சுத்துல பெரிய சீட்டு போட்டவரு அடுத்தத எறக்குவாரு. ஸ்பேட், ஆர்ட்டின், டைமன், கிளாவர் எந்த இனம் வேணா எறக்கலாம், அவரு இஷ்டம்.

இப்ப ஒருத்தர் ஆர்ட்டின் எறக்குறாரு, ஒங்க கையில ஆர்ட்டினே இல்லன்னு வைங்க. அப்பத்தான் வெட்டு. வேற எந்த சீட்ட வேணா தூக்கிப் போடலாம். போட்ட ஒடனே சுத்து அங்கயே நின்னுரும், ஒங்களுக்கு அப்புறம் இருக்கிறவங்க போட வேண்டியதில்ல. அதுவரைக்கும் விழுந்த ஆர்ட்டின்ல எது பெருசோ அதப் போட்டவரு, ஒங்க வெட்டுச் சீட்டோட சேத்து கீழ கெடக்குறது பூராத்தையும் அள்ளிக் கையில வச்சுக்கணும். அப்புறம் அவரேதான் அடுத்தது எறக்கணும். அவ்வளவுதான் ஆட்டம். சீட்டு தீந்தவங்க ஒவ்வொருத்தரா கழண்டுக்குவாங்க, கடைசில கையில சீட்டோட நிக்கிறவரு கழுதை. ஜெயிச்சவருன்னு யாருமே இதுல கெடையாது, தப்பிச்சவங்களும் மாட்டுனவரும்தான்.

ஒக்காரும்போதே மூணு விஷயத்த மட்டும் கேட்டு வச்சுக்கங்க, ஏன்னா ஊருக்கு ஊர், சில சமயம் தெருவுக்குத் தெரு மாறும். மொத ஸ்பேட் சுத்துல வெட்டு உண்டா இல்லயா, பல எடத்துல அந்த ஒரு சுத்துல மட்டும் ஸ்பேட் இல்லாதவரு எதப் போட்டாலும் எல்லாமே கழிஞ்சிரும். கடைசிச் சீட்டப் போட்டவரே அந்த சுத்துல பெருசா நின்னுட்டா அடுத்து யாரு எறக்குறது, சில வீட்டுல பக்கத்து ஆளு எறக்குவாரு, சில வீட்டுல அவரு கழிஞ்ச சீட்டுலேர்ந்து கண்ண மூடி ஒண்ணு உருவி அத எறக்கணும், தப்பிச்சோம்னு எழுந்திரிச்சவர திரும்ப ஒக்கார வைக்கிற கொடுமையான ரூல்ஸ் அது. மூணாவது, பக்கத்து ஆளு சீட்டு மொத்தத்தையும் நீங்களே வாங்கிக்கிட்டு அவர தப்பிக்க விடலாமாங்கறது. எதுக்குடா வாங்கணும்னு தோணும், ஆனா அவருகிட்ட ஒத்தச் சீட்டு இருந்து அது ஒங்களுக்கு வெட்ட ஒதவும்னா வாங்கத் தோணும். புதுசா ஆடுறப்ப இந்த மூணாவது வேணாம்னு சொல்லிருங்க.

மன்னார்குடியிலேர்ந்து ஒரு வாசகி: கல்யாணம் ஆகி வந்ததுலேர்ந்து தெருவுல இருக்கிற பொண்ணுங்களோட சாயந்தரம் திண்ணையில கழுதை ஆடுறேன். ரூல்ஸ் எல்லாம் தெரியும். நான் ஜாக்கிரதையா சின்னச் சின்னச் சீட்டா எறக்கி, ஏஸ் ராஜாவெல்லாம் பத்திரமா வச்சுக்கறேன். ஆனாலும் கடைசில அள்ளுறது நானாத்தான் இருக்கேன். இது வெறும் அதிர்ஷ்டம்தானேங்க?

பதில்: அதிர்ஷ்டம் கொஞ்சம் இருக்கும்மா, ஆனா நீங்க அள்ளுறதுக்குக் காரணம் ஒங்க கேள்வியிலயே இருக்கு, அந்த பத்திரமா வச்சுக்கறேன்ங்கறதுதான். எந்த ஆட்டத்துலயும் ஏஸ்னா சொத்து, இதுல அது கடன். எவ்வளவு நாள் வச்சிருக்கீங்களோ அவ்வளவு வட்டி ஏறும்.

கணக்காவே சொல்லிர்றேன். நாலு பேரு, ஆளுக்கு 13 சீட்டு. ஒரு இனத்துல இருக்கிறதும் 13தான். நல்லா கலைச்சு 100 தடவ சீட்டு போட்டா, ஏறக்குறைய 95 தடவ நாலு பேரு கையிலயும் அந்த இனத்துல ஒண்ணாவது இருக்கும். அதாவது ஒரு இனம் மொதல் தடவ எறங்கும்போது வெட்டு விழறது அபூர்வம். நாலு பேருகிட்டயும் ரெண்டாவது இருக்கிறது சுமார் 64 தடவ, ஸோ ரெண்டாவது சுத்து மூணு தடவைக்கு ரெண்டு தடவ தப்பிக்கும். நாலு பேருகிட்டயும் மூணு இருக்கணும்னா 4-3-3-3ன்னு ரொம்ப சமமா பிரிஞ்சிருக்கணும், அது 100க்கு பத்து பதினோரு தடவதான் நடக்கும். நாலாவது சுத்து முழுசா சுத்தி வர வாய்ப்பே இல்ல, அதுக்கு 16 சீட்டு வேணும், இருக்கிறது 13தான்.

இப்ப யோசிச்சுப் பாருங்க, கையில டைமன் ஏஸ், ராஜா, 3 இருக்கு. நீங்க 3ஐ மொதல்ல விட்டு, அப்புறம் ராஜா, அப்புறம் மூணாவது சுத்துல ஏஸ போடுறீங்க. பத்துக்கு ஏழு தடவ யாராச்சும் வெட்டுவாங்க, ஏஸுக்கு மேல எதுவும் இல்ல, அள்ளுறது நீங்கதான். அதையே திருப்பிப் போடுங்க. மொத சுத்துல ஏஸ், ரெண்டாவதுல ராஜா, மூணாவதுல 3. மூணாவதுல வெட்டு விழுந்தாலும் 3 போட்டவரு அள்ள வேண்டியதில்ல, முன்னாடி யாராச்சும் 4 போட்டிருந்தாக்கூட அவருதான் அள்ளுவாரு. ஆனா ஒண்ணு, அந்த 3ஐ நீங்களே எறக்கி அடுத்த ஆளே வெட்டிட்டா கீழ இருக்கிற ஒரே டைமன் ஒங்களோடதுதான், சின்னதோ பெருசோ நீங்கதான் தூக்கணும். அதனால மூணாவது சுத்த நீங்களா ஆரம்பிக்காதீங்க, வேற இனத்துல மொத சுத்து வராதது எதாவது இருந்தா அத எறக்குங்க.

இன்னொண்ணு நெறய பேரு கவனிக்கிறதே இல்ல. ஒரு சுத்துல கடைசியா போடுறது நீங்களா இருந்து, அதுவரைக்கும் வெட்டு விழலன்னா ஒங்கள யாராலயும் ஒண்ணும் பண்ண முடியாது. ஒங்களுக்கு அப்புறம் வெட்ட ஆளே இல்லையே. அப்ப அந்த இனத்துல இருக்கிறதுலயே பெருச கண்ண மூடிக்கிட்டு போட்டுருங்க. திண்ணையில பாத்தா தெரியும், கடைசி ஆளா ஒக்காந்துக்கிட்டு பயந்து பயந்து 2ஐப் போடுறவங்க இருப்பாங்க. அந்த 2 பின்னாடி எவ்வளவு ஒதவும்னு அவங்களுக்கு அப்ப தெரியாது.

வெட்டுற வாய்ப்பு வந்தாலும் இதே நெனப்புதான். எதாவது ஒண்ண வெட்டுவோம்னு கைக்கு வந்ததப் போடாதீங்க. ரெண்டு சுத்து ஆகிப்போன இனத்துல ஒங்ககிட்ட மாட்டிக்கிட்டு நிக்கிற ராணி, ராஜா இருக்கும்பாருங்க, அதத் தொலைக்க அதவிட நல்ல நேரம் வராது. வெட்டுனதுக்கு அப்புறம் அள்ளுனவரு கையில என்னென்ன போச்சுன்னு மனசுல வச்சுக்கங்க, எல்லாரும் பாக்கத்தான் அள்ளுறாரு, இருந்தாலும் மூணு சுத்து ஆனதும் பாதிப் பேரு மறந்துர்றாங்க. அவரு நாலு டைமன் அள்ளியிருந்தா, டைமன் அவருகிட்ட இருக்கு, மத்தவங்ககிட்ட ஒண்ணு ரெண்டு இருந்தா பெருசு. ஒங்ககிட்ட ஒரு சின்ன டைமன் இருந்து, அடுத்து போடப்போறவரு அவரா இருந்தா தைரியமா எறக்குங்க. அவரு போட்டே ஆகணும், அவரு சீட்டு பெருசா நிக்கும், அதுக்கு அப்புறம் ஒருத்தர் வெட்டுவாரு. ஏறுனவரு மேலயே இன்னும் ஏத்துறதுன்னு இதத்தான் சொல்றது. திண்ணையில பாவம் பாக்காதீங்க, அவங்க ஒங்களப் பாத்தாங்களா?

பாபநாசத்துலேர்ந்து ஒரு காலேஜ் மாணவர்: எங்க செட்டுல ஒருத்தன், கையில அந்த இனம் இருக்கும்போதே இல்லன்னு வெட்டுறான். ரெண்டு சுத்து கழிச்சு அதே இனத்த அவனே எறக்குறான். கேட்டா "அப்ப கண்ணுல படல மச்சான்"ங்கறான். என்ன பண்றது?

பதில்: ஒரு தடவன்னா கண்ணுல படலதான், 13 சீட்ட விசிறி மாதிரி பிடிக்கத் தெரியாதவனுக்கு ஆர்ட்டினும் டைமனும் செவப்புல கலந்துபோறது சகஜம். கறுப்பு, செவப்பு, கறுப்பு, செவப்புன்னு இனம் மாத்தி மாத்தி அடுக்கச் சொல்லுங்க, பாதி சரியாயிரும். மறுபடியும் நடந்தா தண்டனைய ஆட்டம் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே பேசி வச்சுக்கங்க. கெடந்த சீட்ட அள்ளுனவரு கையில அப்ப எதெது போச்சோ அத வெட்டுனவன் வாங்கிக்கணும், அது யாருக்கும் ஞாபகம் இல்லன்னா அந்த ஆட்டம் அவன்தான் கழுதை, ஆட்டம் அதோட முடிஞ்சுது. சண்டை போட்டு தீக்க வேண்டிய விஷயமே இல்ல இது.

திருத்துறைப்பூண்டியிலேர்ந்து ஒரு வாசகர்: 2018ல கஜா புயல் அடிச்சு கரண்டு இல்லாம கெடந்தப்ப தெருவே மெழுகுவத்திய ஏத்தி வச்சுக்கிட்டு கழுதை ஆடுனோம், நான் அப்பக் கத்துக்கிட்டதுதான். இப்பவும் நாலு கூட்டாளிங்க வாராவாரம் ஆடுறோம். எப்பவும் கடைசி ரெண்டு பேரு வரைக்கும் வந்துடறேன், அங்க தோத்துர்றேன். கடைசில பெருச எறக்கிட்டா தப்பிச்சிரலாம்னு பாக்குறேன், நடக்கல.

பதில்: மேல மன்னார்குடி வாசகிக்கு சொன்னத கடைசி வரைக்கும் இழுத்துக்கிட்டுப் போறீங்க, அதான் சிக்கல். பெருச தொலைக்கிறது ஆட்டத்தோட மொத பாதிக்கு. கடைசில ரெண்டு பேரு நிக்கும்போது கதை தலைகீழா மாறிரும்.

ஒரு கையப் பாப்போம். ஒங்ககிட்ட ஆர்ட்டின் 4, கிளாவர் ராஜா. எதிராளிகிட்ட ஆர்ட்டின் 9, ஆர்ட்டின் ஜாக்கி. எறக்க வேண்டியது நீங்க. ராஜாவ தொலைச்சிரலாம்னு அத எறக்குறீங்க. அவருகிட்ட கிளாவர் இல்ல, ஜாக்கியால வெட்டுறாரு. நீங்க ரெண்டையும் தூக்கிக்கிட்டு ஆர்ட்டின் 4, ஜாக்கி, கிளாவர் ராஜான்னு மூணு சீட்டோட நிக்கிறீங்க, அவருகிட்ட 9 ஒண்ணுதான். அடுத்து நீங்க 4 எறக்குனா அவரு 9 போட்டு கழண்டுக்குறாரு. ஜாக்கி எறக்குனாலும் 9தான் விழும், கழண்டுக்குறாரு. ராஜாவ திரும்ப எறக்குனா அந்த 9ஆலயே வெட்டிட்டுப் போயிருவாரு. மூணு வழியிலயும் கழுதை நீங்கதான்.

இப்ப அதே கைய 4ல ஆரம்பிங்க. அவருகிட்ட ஆர்ட்டின் இருக்கு, போட்டே ஆகணும், 9 போட்டாலும் ஜாக்கி போட்டாலும் ஒங்க 4ஐ விட பெருசு. ரெண்டும் கழிஞ்சுது, இப்ப எறக்க வேண்டியது அவரு, கையில இருக்கிறது ஒத்த ஆர்ட்டின். அத எறக்குறாரு, ஒங்ககிட்ட ஆர்ட்டின் இல்ல, ராஜாவ வெட்டுன்னு தூக்கிப் போடுறீங்க. ஒங்க கை காலி. அவரு ரெண்டு சீட்டோட ஒக்காந்திருக்காரு. அஞ்சு நிமிஷம் மொறைப்பாரு, அத கண்டுக்காதீங்க.

அதாவது கடைசில எறக்குற பொறுப்ப எதிராளி தலையில கட்டணும். எறக்குறவன்தான் மாட்டுவான், வெட்டுறவன் தப்பிப்பான். அதுக்கு சின்னச் சீட்டு வேணும், எதிராளிகிட்ட இருக்கிற இனத்துல வேணும். அதனால ஒவ்வொரு இனத்துலயும் ஒரு குட்டிச் சீட்ட கடைசி வரைக்கும் காப்பாத்தி வைக்கப் பாருங்க. ரெண்டு பேரா ஆனதுக்கு அப்புறம் எதிராளி கையில என்ன இருக்குன்னு ஒங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும், அவரு அள்ளுனதத்தான் நீங்க பாத்தீங்களே. மெழுகுவத்தி வெளிச்சத்துல கத்துக்கிட்டவருக்கு இதெல்லாம் பெரிய விஷயமா என்ன.

நன்னிலத்துலேர்ந்து ஒரு அம்மா: பையனுக்கு எட்டு வயசு. கோடை லீவுக்கு வந்த அத்தை பசங்களோட ஆடும்போது "கழுதை கழுதை"ன்னு கத்துனதுல அழுதுக்கிட்டு சீட்ட வீசிட்டான். இனிமே ஆடவே மாட்டேங்கறான்.

பதில்: இந்த மாதிரி சீட்டு காலி பண்ற ஆட்டம் பலதுல தோத்தவருக்குத்தான் பேரு வைக்கிறாங்கம்மா. பஞ்சாப் பக்கம் இதே ஆட்டத்துல கடைசில நிக்கிறவரு பாபி, அதாவது அண்ணி. ரஷ்யாவுல 36 சீட்டுல துராக்னு ஒரு ஆட்டம் ஆடுவாங்க, அங்க தோத்தவரு முட்டாள். பெரியவங்களுக்கு அது சிரிப்பு, எட்டு வயசுக்கு அது அசிங்கம். கொஞ்ச நாளைக்கு அந்தப் பேர எடுத்துட்டு, கடைசில நிக்கிறவரு அடுத்த ஆட்டத்துக்கு சீட்டு கலைக்கணும், அவ்வளவுதான்னு வச்சுக்கங்க. சின்னப் பசங்களுக்கு கலைக்கப் புடிக்கும்.

கத்துக்குடுக்கும்போது 52ம் வேணாம். 2லேர்ந்து 6 வரைக்கும் எடுத்துருங்க, 32 சீட்டு மிச்சம், நாலு பேருக்கு ஆளுக்கு 8. குட்டிக் கையில புடிக்க அதுவே ஜாஸ்திதான். மொத ரெண்டு ஆட்டம் எல்லாரும் சீட்ட தரையில விரிச்சு வச்சே ஆடுங்க, யாருகிட்ட என்ன இல்ல, எங்க வெட்டு விழும்னு அவன் கண்ணால பாக்கட்டும். அத்தை பசங்ககிட்ட ஒரு வார்த்த தனியா சொல்லி வைங்க, அவன் முன்னாடி வேணாம்.

நாகப்பட்டினத்துலேர்ந்து: நாங்க ஒம்பது பேரு. ஒரு கட்டு போதுமா?

பதில்: ஆடலாம், ஆளுக்கு அஞ்சு ஆறு சீட்டுதான் வரும், 13ஐ ஒம்பது பேருக்குப் பிரிச்சா மொத சுத்துலயே வெட்டு விழும், யோசிக்க எடமே இருக்காது. ரெண்டு கட்டு கலந்தா 104, அப்ப ஒரே சுத்துல ரெண்டு ராஜா விழுந்தா பின்னாடி போட்டவரு அள்ளணுமா முன்னாடி போட்டவரான்னு முடிவு பண்ணிக்கங்க. என்னக் கேட்டா நாலு, அஞ்சுன்னு ரெண்டு கூட்டமா பிரிஞ்சு ஒக்காருறதுதான் சரி.

வலங்கைமான் பக்கத்துலேர்ந்து ஒரு பெரியவர்: பேரப் பிள்ளைங்க பெங்களூர்லேர்ந்து வரும்போது ஊனோன்னு ஒரு கலர் சீட்டுக்கட்டு கொண்டாருதுங்க. என்னையும் சேத்துக்குறாங்க. பார்க்க நம்ம கழுதை மாதிரித்தான் இருக்கு, ஆனா நாலு சீட்டு எடுங்கறான், எட்டு எடுங்கறான், கடைசில என் தலையில 12 சீட்டு ஏத்திட்டான் சின்னவன். இப்புடி ஒரு ரூல்ஸ் உண்டா?

பதில்: இல்லைங்கய்யா, ஒங்கள ஏமாத்திட்டான். பிளஸ் 4 மேல இன்னொரு பிளஸ் 4ஐப் போட்டு அடுத்தவரு தலையில கூட்டிக் கட்டுறது அந்தக் கம்பெனியோட ரூல்ஸ்லயே கெடையாது, வீட்டுக்கு வீடு பசங்களா வச்சுக்கிட்டது. பிளஸ் 4 விழுந்தா அடுத்தவரு நாலு எடுத்துக்கிட்டு அவரு மொறைய விட்டுரணும், அதோட சரி. அதவிட முக்கியமா, பிளஸ் 4ஐ நெனச்சப்பெல்லாம் போடவும் முடியாது. கீழ என்ன கலர் ஓடுதோ அந்தக் கலர் கையில ஒண்ணுகூட இல்லன்னாத்தான் போடணும். சின்னவன் பொய் சொல்றான்னு ஒங்களுக்கு சந்தேகம் வந்தா கைய காட்டச் சொல்லலாம். அவன்கிட்ட அந்தக் கலர் இருந்துச்சுன்னா அந்த நாலையும் அவனே எடுத்துக்கணும். இல்லன்னா நீங்க நாலுக்குப் பதிலா ஆறு எடுக்கணும். இந்த ஒரு விஷயத்த மட்டும் தெரிஞ்சு வச்சுக்கங்கய்யா, அடுத்த லீவுல பயந்துருவான்.

மத்தபடி ஆட்டம் லேசுதான். ஆளுக்கு ஏழு சீட்டு, கீழ கெடக்குற சீட்டோட கலராவது நம்பராவது ஒத்துப்போனா போடலாம், இல்லன்னா கட்டுலேர்ந்து ஒண்ணு எடுக்கணும். ஒத்தச் சீட்டு மிஞ்சும்போது ஊனோன்னு கத்தணும், அடுத்தவரு ஆட ஆரம்பிக்கிறதுக்குள்ள மறந்தத யாராச்சும் புடிச்சிட்டா ரெண்டு சீட்டு அபராதம். பழைய கட்டுல நாலு கலருக்கு 25 வீதம் 100ம், கலர் மாத்துற சீட்டு 8ம் சேத்து 108 இருக்கும். இத 1971ல அமெரிக்காவுல, ஒஹாயோ மாநிலத்துல முடிவெட்டுற கடை வச்சிருந்த மெர்ல் ராபின்ஸ்ங்கறவரு உருவாக்குனாரு. சாதாரண கட்டுல ஆடுற க்ரேஸி எய்ட்ஸ்ங்கற பழைய ஆட்டம்தான் அதுக்கு அடி. 1992லேர்ந்து அது மேட்டல் கம்பெனி கையில இருக்கு.

நம்ம கழுதைக்கும் இதுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கு. ஊனோவுல அடுத்தவன் கையில என்ன இருக்குன்னு தெரிய வழி கம்மி, கட்டுலேர்ந்து எடுத்தது யாருக்கும் தெரியாது. கழுதையில எல்லாமே கண்ணு முன்னாடி. ஞாபகசக்தி உள்ளவங்களுக்கு கழுதைதான் ருசி. பேரன்கிட்ட நீங்க ஊனோ கத்துக்கிட்டீங்க, அவனுக்கு ஒரு சாதாரண கட்டு வாங்கிக் குடுத்து இத கத்துக்குடுங்க, ரெண்டாவது நாள்ல ஒங்க கைய எண்ண ஆரம்பிச்சிருவான்.

திருவாரூர்லேர்ந்து ஒரு வாசகர்: கழுதைக்கு ஆளுக்கு பத்து ரூபா வச்சு ஆடுனா சுவாரஸ்யமா இருக்கும்ங்கறான் ஒரு நண்பன். தப்பில்லையே?

பதில்: வேணாங்க. ரம்மி பெரும்பாலும் தெறமையால ஆடுற ஆட்டம்னு 1967லயே சுப்ரீம் கோர்ட் சொன்னது உண்மைதான், அத வச்சுக்கிட்டு எல்லா சீட்டாட்டத்துக்கும் காசு வைக்கலாம்னு அர்த்தம் பண்ணக்கூடாது, அதே தீர்ப்புல மூணு சீட்டு ஆட்டத்த வெறும் அதிர்ஷ்டம்னு தள்ளியிருக்காங்க. ஃபோன்ல காசு கட்டி ஆடுறதுக்கு 2025ல மத்திய அரசே தடைச் சட்டம் கொண்டு வந்துருச்சு, அதுல தெறமை ஆட்டம், அதிர்ஷ்ட ஆட்டம்னு பிரிக்கவும் இல்ல. சட்டத்த விடுங்க, கழுதையில ஜெயிக்கிறவரே இல்லையே, காச யாருக்குக் குடுப்பீங்க? தோத்தவரு கடைத்தெருவுக்குப் போயி எல்லாருக்கும் டீ பார்சல் வாங்கிட்டு வரணும்னு வச்சுக்கங்க. உச்சி வெயில்ல டீக்கு அனுப்புனா பத்து ரூபாய விட நல்லா ஒறைக்கும்.

வேதாரண்யத்துலேர்ந்து ஒரு வாசகி: ஐப்பசி கார்த்திகை வந்தா சீட்டு பிசுபிசுன்னு ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்குது, கலைக்கவே முடியல. போதாக்குறைக்கு கட்டுல கிளாவர் 6 தொலைஞ்சு போச்சு. புதுக் கட்டு வாங்கணுமா?

பதில்: ஒட்டுறதுக்கு மொகத்துக்குப் போடுற பவுடர் போதும். ஒரு பழைய பருத்தித் துணியில கொஞ்சம் தட்டிக்கிட்டு ஒவ்வொரு சீட்டா ரெண்டு பக்கமும் தொடச்சு எடுங்க, அழுக்கும் போகும், வழுக்கவும் செய்யும். ஈரத் துணி வேணவே வேணாம், அட்டைச் சீட்டுன்னா ஓரம் பிரிஞ்சு ஊதிக்கும், அப்புறம் கவுத்து வச்சாலும் எது எதுன்னு எல்லாருக்கும் தெரிஞ்சுபோயிரும். ஆடி முடிச்சதும் கட்ட ரப்பர் பேண்டு போட்டு டப்பாவுக்குள்ள போட்டு மூடி வைங்க, ஜன்னல் விளிம்புல வைக்காதீங்க, கடக்காத்துக்கு ஒரு வாரம் தாங்காது. அடுத்து வாங்கும்போது பிளாஸ்டிக் சீட்டாப் பாத்து வாங்கிக்கங்க, தண்ணி பட்டாலும் தொடச்சிட்டு ஆடலாம்.

கிளாவர் 6க்கு ஜோக்கர் ஒண்ணு சும்மாதான கெடக்கு, அது மேல பேனாவால கிளாவர் 6ன்னு எழுதிக்கங்க. முன்பக்கத்துல எழுதுங்க, பின்னாடி எழுதிராதீங்க. ஜோக்கரும் இல்லன்னா 51 சீட்டோடயே ஆடுங்க, நாலு பேருன்னா ஒருத்தருக்கு ஒண்ணு கம்மியா வரும், கிளாவர் மட்டும் 12தான்னு எல்லாரும் ஞாபகம் வச்சுக்கணும், கிளாவர்ல வெட்டு கொஞ்சம் சீக்கிரமே விழும். ரம்மிக்கு அந்தக் கட்டு ஒதவாது, கழுதைக்குத் தாராளமா ஒதவும்.